வாலில் ஒட்டிய ஆம்

காலை எட்டே முக்காலுக்கு
வான்காவெலிக்கா நீதிமன்றத்தில் சிலுவையின் முன் கை தூக்கி
எவுதோசியா யரங்கா என்கிற நான்
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்,
எந்தப் பக்கமும் சாயமாட்டேன் என்றேன்.
அதன்பின் மாலைவரை
நான் என்றால் நான் இல்லை.

முதல் வழக்கில் மைத்துனியை உதைத்தேன்.
இரண்டாவதில்
என் எல்லைக்கல் நாலையும் பிடுங்கிப் போட்டார்கள்.
நடுவே ஒருவன் வக்கீலின் தாயைத் திட்டினான்.
அதையும் நானே திட்டினேன்,
அதே சூட்டில், உறுப்பின் பெயர் விடாமல்.
எழுத்தர் நிமிர்ந்து
என் வாயைப் பார்த்தார்.

பதினொன்றுக்கு செராப்பியோ கூரோ.
டயர்ச் செருப்பில் மேட்டுநிலத்துச் சேறு.
ஏழு அல்பாக்கா களவுபோன வழக்கு.
இலாரியோ சென்ச்சோ பதினோரு மாதமாய் உள்ளே,
காவல் நிலையத்தில் இவன் சொன்ன
ஓர் எழுத்துக்காக.

அன்று கேட்டவர் கடற்கரைக்காரர்.
கெச்சுவா தெரியாது. சொல்ல ஆளும் கூப்பிடவில்லை.
அவன்தானே ஓட்டிப்போனான்?
பைசி அபாஸ்கா, என்றிருக்கிறான் செராப்பியோ.
அவர் காதில் நின்றது நடுவிலிருந்த சி.
ஸ்பானிஷில் சி என்றால் ஆம்.
ஆம் என்று எழுதி
ரேகையும் வாங்கிக்கொண்டார்.

எங்களுக்கும் சி என்றால் ஆம்தான்.
ஆனால் வாலில் ஒட்டுகிற ஆம்.
ஓட்டிப்போனானாம்.
காணாததைக் கண்டதாய்ச் சொல்லிவிடாதிருக்க
நாக்கு தானே போட்டுக்கொள்ளும் வேலி.
நான் பிறந்ததைக்கூட அப்படித்தான் சொல்வேன்:
செவ்வாய்க்கிழமை பிறந்தேனாம்,
ஆலங்கட்டி மழையாம்.

இன்று அரசு வக்கீல் அதே கேள்வியைப் போட்டார்.
கெச்சுவாவில் கொடுத்தேன்.
அதே பைசி, அதே நிதானம்.
‘அவன் ஓட்டிப்போனதாகச் சொல்கிறார்கள்’ என்றேன்.
வக்கீல் தாளைத் தட்டினார்:
இதில் ஆம் என்றிருக்கிறது, சாட்சி பிறழ்கிறார்.
நீதிபதி சொன்னார்,
ஆம் அல்லது இல்லை, ஒன்றைச் சொல்லட்டும்.

அதையும் நான்தானே கேட்க வேண்டும்.
ஆமா, இல்லையா?
செராப்பியோ என்னைப் பார்த்தான்,
உனக்குமா தெரியாது என்பதுபோல.

தெரியும் செராப்பியோ.
தெரிந்ததைச் சொல்ல எனக்குக் கூலி இல்லை.

கையேட்டின் பதினான்காம் பக்கத்தில்
ஒரு சந்து விட்டிருக்கிறார்கள்:
தன் மொழிபெயர்ப்பைப் பற்றி மட்டும்,
படர்க்கையில், அனுமதி கேட்டு.
தொண்டை வறண்டிருந்தது.
அரைமணிக்கொரு ஆள் மாறவேண்டும் என்பது பதினைந்தாம் பக்கம்.
மாற ஆள் கிடையாது.
‘மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் தர விரும்புகிறார்’
என்றேன், யாரையோ சொல்வதுபோல.
ஒரு நிமிடம் கொடுத்தார்கள்.

சி-யைப் பற்றி மட்டும் சொன்னேன்.
அந்தத் தாளைப் பற்றி இல்லை,
பதினோரு மாதத்தைப் பற்றி இல்லை.
இலாரியோ இருந்த பக்கம் திரும்பவில்லை.
திரும்பினால்
அதுவும் ஒரு மொழிபெயர்ப்பு.

வாதாட வந்த இளைஞர்
பேனா மூடியைத் தேடிவிட்டு மெதுவாக எழுந்தார்.
வழக்கு அடுத்த மாதத்துக்குப் போயிற்று.
லீமாவிலிருந்து நிபுணர் வரவேண்டுமாம்.

வராந்தாவில் இலாரியோவின் மனைவி
முடிச்சவிழ்த்து அவித்த கிழங்கை நீட்டினாள்.
வாங்கக்கூடாது.
வாங்காமல் போவது எங்கள் பக்கத்தில் வசவு.
‘விட்டுடுவாங்களா அம்மா?’
வக்கீலைக் கேளுங்கள் என்றேன்.
கிழங்கின் ஆவி
என் மூக்குக் கண்ணாடியில் படிந்தது.

ஐந்தரைக்குச் சம்பளப் படிவம்.
கடைசி வரி:
மேற்கண்ட பணி நிறைவேறியதா?
சி என்று அச்சடித்த சின்னக் கட்டம்.
பேனா அங்கே கொஞ்சம் நின்றது.

நிறைவேறியதாம்.