கிராஞ்சியில் மூன்று மில்லிமீட்டர்

925 எங்களை இறக்கிவிட்டபோது
ஓதம் இன்னும் வடிந்து முடிந்திருக்கவில்லை.
நோர்லைலா காலுறைக்கு மேல் காலுறை போட்டுக்கொண்டாள்.
நான் ஊசிகளை எண்ணினேன். ஒன்பது.

வேலை இதுதான்:
சேற்றின் ஆழத்தில் அறைந்த கம்பியின்மேல்
குறுக்குக்கை ஒன்றைப் பூட்டி
ஊசிகளைச் சேறு தொடும்வரை இறக்கி
மேலே மிஞ்சிய நீளத்தை எழுதிக்கொள்வது.
ஆண்டுக்கு இருமுறை, பதினோரு ஆண்டுகளாக.
ஊசி குத்தக் கூடாது. தொட வேண்டும்,
தூங்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

கழிமுகம் என்று தமிழில் சொல்லும்போது
அதற்கு ஒரு முகம் இருப்பதாக நம்பிவிடுகிறேன்.
ஒவ்வோர் ஏற்றத்திலும் கொஞ்சம் வண்டல் வாங்கி
அது பூசிக்கொள்கிறது.
நீ போ, கையிலிருப்பதை வைத்துவிட்டுப் போ
என்று வேர்கள் தண்ணீரை மறிக்கின்றன.
கடல் ஒரு மயிரிழை ஏறினால்
சேறும் ஒரு மயிரிழை எழுந்து நிற்கும்.
யாரும் அதற்குச் சுற்றறிக்கை அனுப்பியதில்லை.

மூன்றாம் கம்பியில் இம்முறை மூன்று மில்லிமீட்டர்.
நிறுத்திவைத்த அரிசியில் பாதி.
அந்த உயரத்துக்காக
இரண்டு பேர் முட்டியளவு சேற்றில் நின்று சிரித்தோம்.

நான்காம் கம்பியைக் காணோம்.

'வந்துவிட்டீர்கள்' என்றது ஜிபிஎஸ்.
வந்த இடத்தில் தண்ணீர் இருந்தது.
ஜனவரிக் காற்று நீரிணையை மூன்று இரவு உதைத்ததில்
விளிம்பு கடித்துவைத்த ரொட்டிபோல் கிடந்தது.
ஒரு மரம் வேரோடு சாய்ந்து,
இலைகளெல்லாம் பச்சையாக,
விழுந்த செய்தி நுனிவரை எட்டாததுபோல.
கழி என்றால் உப்பங்கழி மட்டுமல்ல,
கணக்கில் கழிப்பதும்தான்.

அலையாத்தி.
அலையை ஆற்றும் என்று பெயர் வைத்தோம்.
பெயரோடு சேர்த்து வேலையையும் தலையில் கட்டினோம்.
ஆறாத அலை வந்தால்
இது எங்கே போகும் என்று கேட்டு வைக்கவில்லை.

பின்னால் போகும்.
முன்னே ஓரடி இழந்தால் உள்ளே ஓரடி,
புல்லிடம் இடம் கேட்டு, மேட்டிடம் இடம் கேட்டு,
ஓர் ஆயுளுக்குள் கண்ணில் படாத நடையில்
காடு நடக்கும்.
இங்கே பின்னால் கருங்கல் சரிவு.
அதன்மேல் சிமென்ட் நடைபாதை,
அப்பால் வடிகால், வேலி, கார்நிறுத்தம்.
மத்தளத்துக்கு இருபக்கமும் இடி என்பார்கள்.
மத்தளத்துக்குச் சத்தமாவது உண்டு.

சுவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
ஈசூனில் பத்தாம் மாடியில் இருக்கிறேன்.
அது எனக்காகவும்தான் நிற்கிறது.

திரும்பும் வழியில், நடைபாதைக்கு அந்தப் பக்கம்,
வடிகால் விரிசலில் ஒரு கண்டல் நாற்று.
முழ நீளம், இரண்டே இலை.
எந்த ஏற்றத்தில் சுவர் தாண்டியதோ.
ரொபியுல் புல்வெட்டும் இயந்திரத்தோடு
அதை நோக்கி வந்துகொண்டிருந்தார்.
கையசைத்தேன். சத்தம் அணைந்தது.
'களையா?' என்றார்.
களைதான், வடிகால் பட்டியலின்படி.
'கடல் எதுவரை வந்தது என்பதற்கு அடையாளம்'
என்றாள் நோர்லைலா.

அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.
எங்கள் போலாவில் அடையாளம் வைப்பதில்லை,
வீட்டைப் பிரித்துத் தோளில் ஏற்றிக்கொள்வோம் என்றார்.
நிலைக்கதவு எவ்வளவு கனம் என்று
வெறும் கையைத் தாழ்த்திக் காட்டினார்.
பிறகு இயந்திரத்தை முடுக்கினார்.
நாற்றைச் சுற்றி வெட்டினாரா தெரியாது.
பஸ் வந்துவிட்டது.

படிவத்தில் நான்காம் கம்பிக்கு ஒன்பது கட்டங்கள்.
சுழியம் எழுதக் கூடாது, சுழியமும் ஓர் அளவு.
கோடு இழுத்தேன்.
குறிப்புப் பகுதியில்,
'ஐந்தாம் கம்பி: விளிம்புக்கு இரண்டு மீட்டர்.'
ஈரக் கை பட்டு 'இரண்டு' கலங்கிப் போயிற்று.
பக்கத்து இருக்கையில் நோர்லைலா
ஜூலை மாத ஓத அட்டவணையைத் தேடிக்கொண்டிருந்தாள்.