பற்று நோட்டு

கடியபட்டணம் கரையில் என் கடை.
ஒரு அண்டா, நாலு பெஞ்சு,
அதில் ஒன்றுக்குக் கால் ஆடும்.
நூலில் கட்டித் தொங்கும் பேனா.

லாரிக்கு ஐஸ் ஏற்றும் மார்சலின்
ஒரு தட்டு மரச்சீனியோடு எழும்பிவிடுவான்.
சிப்பிக்கு முங்குகிற ததேயு
உருவத்தில் அவனில் பாதி;
மூன்று தட்டு, சாளைக்கறி,
காந்தாரித் துவையலை விரலால் வழித்து
அப்புறம் கருப்பட்டிக் காப்பி, இரண்டு.
"வயித்துக்குள்ள ஆருடே இருக்கா?"
சிரிக்கமாட்டான்.
பல் தந்தியடித்துக்கொண்டிருக்கும்.

ஆவணியில் அடிக்கடல் புரண்டு
தணுத்த வெள்ளம் மேலே வரும்.
நோட்டில் அவன் பக்கம் சீக்கிரம் நிறையும்.
பெருந்தீனிக்காரன் என்றுதான் நினைத்திருந்தேன்
ஒருநாள் தம்ளரை வாங்கும்போது
அவன் விரல் படும்வரை:
பெட்டியில் கிடக்கும் மீனின் தணுப்பு.
தம்ளர் அப்போதும் சுட்டது.

தின்பது இவன்,
பசி கடலுக்கு.
காற்று கிள்ளித் தின்னும்,
வெள்ளம் அள்ளித் தின்னும்.
நாலு மணி நேரம் பாரில் தொங்கிச் சுரண்டினால்
ரத்தம் விரல்நுனிகளைக் கைவிட்டு
நெஞ்சுக்குள் போய்க் கதவடைக்கும்.
கரையேறிச் சும்மா உட்கார்ந்த பிறகும்
உடம்பு கூலியில்லாத வேலை ஒன்று பார்க்கும்:
நடுங்கும்.
அதற்கு விறகு என் மரச்சீனி.

எனக்கோ தலைகீழ்.
மூன்றரைக்கு அடுப்பு மூட்டினால்
ஏறிய சூட்டை வெளியே தள்ளத்தான் நாள் முழுதும் பாடு.
ஜம்பர் முதுகில் உப்புப் பூத்து,
விசிறியும் வெந்நீராய் வீச,
உச்சைக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

போன புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
ததேயு வந்து உட்கார்ந்தான்.
பல் சத்தம் இல்லை.
"தணுப்பு விட்டாச்சு யக்கா" என்றான், நாக்குக் குழற.
தம்ளருக்கு நீட்டிய கை
அதற்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது.

நான் சந்தோஷப்பட்டேன், அதுதான் வெட்கம்.
மார்சலின் கத்தினான்:
"நடுங்குதவன விடலாம்,
நடுக்கம் நின்னவன விடாத!"
ஐஸ் அறைக்குள் ஒருதரம் பார்த்திருக்கிறானாம்.

ஈர நிக்கரை உருவி எறிந்து
உலர்ந்த சாக்கை இருவருக்குமாய்ப் போர்த்தி
சட்டையில்லாத நெஞ்சோடு நெஞ்சாக
அவனை இறுக்கிக்கொண்டு கிடந்தான் அந்தத் தடியன்,
கல்யாணம் ஆனவன், கூச்சக்காரன்.
நான் கருப்பட்டித் தண்ணியைக்
கரண்டி கரண்டியாய்.

முக்கால் மணி நேரம்.
பிறகு,
ஆப்பு வைக்கச் சொல்லி நான் திட்டித்தீர்த்த
அந்தப் பெஞ்சுக்கால்
தரையில் டக் டக்கென்று அடிக்கத் தொடங்கியது.
அவ்வளவு நல்ல சத்தம்
கோயில் மணியில்கூட நான் கேட்டதில்லை.

அன்றைக்கு மார்சலின் மூன்று தட்டு தின்றான்.
எந்தப் பக்கத்தில் எழுத என்று கொஞ்சம் யோசித்துவிட்டு
ததேயுவின் பற்றில் எழுதினேன்.
இதுவரை அவன் ஏனென்று கேட்கவில்லை.