துண்டில் ஒரு யானை

மசினகுடி தாண்டி மூன்றாவது ரிசார்ட்.
ஆபீஸ் குலுக்கலில் விழுந்தது:
இரண்டு இரவு, இருவருக்கு.
நான் மட்டும் வந்திருந்தேன்.

கட்டில் நடுவில்
வெள்ளைத் துண்டில் மடித்த யானை.
கண்ணுக்கு இரண்டு மிளகு.
கலைக்க மனம் வரவில்லை.
குளித்துவிட்டுச் சட்டையால் துவட்டிக்கொண்டு
ஓரமாய்ப் படுத்தேன்.

விடிகாலை ஜீப்பில்
மான், மான், மயில், மறுபடி மான்.
மாயாற்றுப் பக்கம் ஆவி பறக்கும் லத்தி,
அதில் முழுசு முழுசாய்ப் புளியங்கொட்டை.
"பத்து நிமிஷம் முந்தி" என்றார் டிரைவர் கேத்தன்,
ரயிலை விட்டவனிடம் சொல்வதுபோல.

திரும்பினால் அறையில் சிக்கம்மா.
ஒரே உதறல்,
யானை துண்டாகிவிட்டது.
மிளகுகளைத் தேடி எடுத்து
டப்பியில் போட்டுக்கொண்டாள்.

"ஊட்டியில மூணு நாள் டிரெயினிங் சார்.
உடம்பு சுலபம். தும்பிக்கைதான் நிக்காது."

போன ஆவணியில்
அவள் வீட்டு அடுப்படிச் சுவரைத் தள்ளி
அரிசிப் பானையைத் தூக்கிப்போன தும்பிக்கை பற்றியும்
அதே குரலில்தான் சொன்னாள்.
காலையில் வரப்போரம் கிடந்ததாம்,
பானை உடையவில்லையாம்.

இன்றைக்கு அன்னம் மடிக்கட்டுமா என்றாள்,
அது ஜோடியாகத்தான் வரும்.

யானையே இருக்கட்டும் என்றேன்.