முப்பத்தேழு அடி

மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிக்கொண்டிருந்தோம்.
பாளையங்கோட்டை, தெற்கு பஜாருக்குப் பின்னே ஒரு சந்து.
ஜேசிபியின் வாளி மண்ணைக் குத்தி
காற்றில் போய் நின்றது.
செய்யது என்ஜினை அணைத்தான்.
கல் விழுந்த சத்தம்
தாமதமாக வந்து சேர்ந்தது.

பத்தே நிமிஷம், சந்து நிறைந்துவிட்டது.
"நெல்லையப்பர் கோயிலுக்குல்லா போகுது இது"
என்றார் ஆறுமுகநயினார்.
"இல்ல வேய், ஆத்துக்கு அடியில போயி
குறுக்குத்துறையில ஏறும்."
யாரோ கிருஷ்ணாபுரம் என்றார்கள்.
உள்ளே குதிரை ஓடுமாம்,
ரெண்டு குதிரை, ஒன்றையொன்று உரசாமல்.

அளந்து எழுதவேண்டியவள் நான்.
டேப்பின் நுனியை மாசானம் பிடித்தான்,
ஆனால் இறங்கவில்லை.
தன் பையிலிருந்து ஒரு சிம்னி விளக்கை எடுத்து
கயிற்றில் கட்டி
முதலில் அதை இறக்கினான்.
எரிந்தது.
அப்படியும் நின்றான்.
"நேரமாகுது மாசானம்."
"இருங்கம்மா."
நூறு வரை எண்ணியிருப்பான், உதடு அசைந்தது.

செங்கல் வளைவு. சுண்ணாம்பு வாசம்.
வெயில் படாத செங்கல்
நேற்று சூளையிலிருந்து வந்தது போல் இருந்தது.
தண்ணீர் தேடி வந்த ஆலவேர் ஒன்று
கூரையைத் துளைத்து
வெறுங்காற்றில் தொங்கியது.
தலைக்கு மேலே ஒரு பஸ் போயிற்று,
தூத்துக்குடி வண்டியாக இருக்கும்,
என் பல் வரைக்கும் அதிர்ந்தது.

முப்பத்தேழாவது அடியில் சுவர்.
வேறு கல், வேறு கை.
அவசரத்தில் அடைத்தது; பிதுங்கிய சாந்தில்
நான்கு விரல் தடம்.
மாசானம் தன் விரல்களை வைத்துப் பார்த்தான்.
சேரவில்லை. சின்னக் கை அது.

"எங்கண்ணன் எறங்கினது பன்னெண்டு அடிதாம்மா,"
சுவரிடம் சொல்வது போலச் சொன்னான்.
"மேலப்பாளையத்துல ஒரு கல்யாண மண்டபத் தொட்டி.
வெளக்கு எறக்கிப் பாக்கல யாரும்."
நான் டேப்பைச் சுருட்டினேன்.
அந்தச் சத்தம் அவ்வளவு பெரிதென்று
அதுவரை தெரியாது.

மேலே வந்தால், நாற்பது செல்போன்.
"எவ்வளவு தூரம் மேடம்?"
முப்பத்தேழு என்றேன்.
யாருக்கும் பிடிக்கவில்லை.
"அடைச்சுருக்காம்னா
அந்தப் பக்கம் என்னமோ இருக்குன்னுதான அர்த்தம்"
என்று சிரித்தார் ஆறுமுகநயினார்.
மாசானத்தை யாரும் எதுவும் கேட்கவில்லை.
பம்பு செட்டடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

அளவுப் புத்தகத்தில்
நீளம், அகலம், உயரம் எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டம்
எப்போதும் காலியாகவே விடுவது வழக்கம்.
இன்று எழுதினேன்:
இறங்குமுன் விளக்கு இறக்கப்பட்டது.
எரிந்தது.