ஏணி வாடகை

இந்த டவுனில்
விளக்குக் கம்பத்தின் உச்சிக்கு எட்டும் ஏணி
என்னிடம் மட்டும்தான்.
ராத்திரிக்கு இருபது வெள்ளி,
ஆளோடு என்றால் நாற்பது.

சேவல் கட்சி குணாளன் எட்டு மணிக்குக் கூப்பிடுவார்,
நங்கூரக் கட்சி செபஸ்தியான் இரண்டு மணிக்கு.
செம்பனை லோரி திரும்பும் முச்சந்தியில்
நல்ல கம்பம் ஒன்றே ஒன்று.
எட்டுக்கு நான் கட்டிய சேவலை
இரண்டுக்கு நானே அவிழ்த்து
நங்கூரம் தொங்கவிட்டேன்.
ஊரில் பாதிப் பேர் கப்பலே பார்த்ததில்லை,
அது வேறு விஷயம்.

"அவங்களோட சேர்றதுக்கு
களைக்கொல்லியைக் குடிக்கலாம்"
என்றார் குணாளன் மேடையில்.
மறுநாள் அதே திடல், அதே வாடகை ஸ்பீக்கர்,
சேவலை என்ன செய்வோம் என்று
செபஸ்தியான் விவரித்தார்.
மசாலா வரைக்கும் சொன்னார்.

ஓட்டு எண்ணிய பள்ளிக்கூட வாசலில்
என் மைத்துனன் மகன் தருமனுக்கு
புருவத்தின் மேல் நாலு தையல்.
எந்தக் கட்சிக் கொடிக்கட்டை என்று
இருட்டில் தெரியவில்லை.

யாருக்கும் பாதி வரவில்லை.
ஐந்து நாள்
ஒட்டுக்கடை டிவியில் அரண்மனை வாசல்.
கார்கள் உள்ளே போயின, வெளியே வந்தன,
கண்ணாடியெல்லாம் கறுப்பு.
ஒரு தே தாரேக் ஆறுவதற்குள்
மூன்று பேர் பிரதமர் ஆனார்கள்.
அந்த மேசையில் குணாளன், இந்த மேசையில் செபஸ்தியான்,
நடுவில் ஹமிட்
இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி
சபார், சபார் என்றார்.

ஆறாம் நாள்
மேலே கை கொடுத்துக்கொண்டார்கள்.
கீழே
எந்தக் கையை நீட்டுவதென்று யாருக்கும் தெரியவில்லை.
செபஸ்தியான்தான் முதலில் எழுந்தார்,
சீனி டப்பா எடுக்க.
நீண்டது கை என்று நினைத்து
குணாளன் பிடித்துக்கொண்டார்.
கடைக்கார லிங்கம் படம் எடுத்துவிட்டான்,
பிறகு எப்படி விடுவது?

இரண்டு தலைவர்களும் சிரிக்கிற
நன்றிப் பதாகை.
ஆ ஹெங் அச்சகத்தில்
ஸ்கேல் வைத்து முகங்களை அளந்தார்கள்.
நங்கூரத்தார் காது அரை அங்குலம் கூடுதல்.
திரும்ப அடித்தார்கள்.

அதைக் கட்ட ஏறினேன்.
மேலே பழைய சேவலும் நங்கூரமும்
மழையில் முறுக்கிக்கொண்டு
ஒரே கயிறாகக் கிடந்தன.
பிரிக்க முடியவில்லை,
கத்தி போட்டேன்.

இறங்கி, பதினோரு ராத்திரி பாக்கியைக் கேட்டேன்.
"செபாகிட்ட வாங்கிக்கப்பா,
இப்பதான் எல்லாம் ஒண்ணாச்சே."
அவரிடம் போனேன்.
"ஏன், குணா தரலையா?"

வெள்ளிக்கிழமை கிளினிக்கில்
தருமனுக்குத் தையல் பிரித்தார்கள்.
சுவர் டிவியில்
அமைச்சர்கள் வரிசையாக உறுதிமொழி.
மிஸ்ஸி முதல் நூலை இழுத்தபோதும்
அவன் கண்ணை மூடவில்லை.
"மாமா, அந்த மூணாவது ஆளு எந்தக் கட்சி?"

பார்த்தேன்.
எல்லாருக்கும் ஒரே சொங்கோக், ஒரே கறுப்பு உடை.
"முன்னயா, இப்பயா?" என்றேன்.
அவன் சிரித்தான்.
அசையாதே என்றாள் மிஸ்ஸி,
இன்னும் மூன்று இருக்கிறது.