பதினொரு புள்ளி, ஒன்பது கார்

பள்ளத்தூர் வீட்டின் இரண்டாம் கட்டில்
பழைய வேட்டி விரித்து ஒன்பது கார்கள்.
பங்கு கேட்டுப் பதினொரு புள்ளி.
விலை சொல்ல நான்.

பினாங்கிலிருந்து பிஸ்கட் டின்னில் வந்தவை என்றார் ஒருவர்.
கொழும்பு என்றார் அவர் தம்பி.
அடித்தட்டைத் திருப்பினேன்;
அச்சில் இருந்த ஊர் இரண்டும் இல்லை.

பால் வண்டி, அட்டைப்பெட்டியோடு.
பெட்டிக்குத்தான் பாதி விலை.
பச்சை லாரி, ரிவெட்டைக் குடைந்து திறந்திருக்கிறார்கள்: கழிவு.
பந்தயக் கார் உள்ளிருந்தே வெடிக்கிறது,
உலோகத்துக்கும் வியாதி உண்டு, தொடாதீர்கள்.
ஜீப்பின் டயரில் பல்தடம்.
எல்லோரும் வைரவனைப் பார்த்தார்கள்.
அவருக்கு இப்போது கட்டுப்பல்.

ஏழாவது, கறுப்பாய்ப் பிறந்த கார்.
மேலே யாரோ ரோஸ் நெயில் பாலிஷ் பூசி
ஜன்னல்களை மட்டும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டிருக்கிறார்கள்.
அசல் பெயின்ட் போனால் ஒன்றுமில்லை, என்றேன்.
பூஜ்யம் போடுங்கள்.
பட்டியல் எழுதிய உமையாள்
பேனாவை மூடினாள்,
திறந்தாள்,
போட்டாள்.

காப்பி வந்தது.
சீட்டுக் குலுக்குவதா விற்றுப் பிரிப்பதா என்று
முற்றம் முழுக்கச் சத்தம்.
விற்றால் எனக்கு நூற்றுக்கு ஐந்து. வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வந்து எண்ணினேன், எட்டு.
பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இன்னொரு தரம் எண்ணினேன்,
எண்ணுவதற்கு அது எதற்கோ.
ஜீப்புக்கும் வேனுக்கும் நடுவே
வேட்டியில் நான்கு சின்னப் பள்ளம்.

யாரும் கேட்கவில்லை.
உமையாளுக்கு மதுரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

ஏழாவது வரியை அடித்தேன்.
கூட்டுத்தொகை மாறவில்லை.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.