உயிரோடிருப்பவரிடம் மட்டும்

சுரங்க வாசலில் ஒரு மரப்பலகை.
இறங்குகிறவன் தன் பித்தளை வில்லையை எடுத்துப்போவான்,
ஏறி வந்ததும் திரும்ப மாட்டுவான்.
ஏழு ஆணிகள் இன்னும் வெறுமையாய்.
அறுபத்திரண்டாவது, ஹம்தியாவின் ஆணி.

நேற்று மத்தியானம் மலை ஒருமுறை இருமியது.
போஸ்னியாவின் இந்தப் பக்கத்து மலைகள்
அடிக்கடி இருமும். யாரும் நிமிர்வதில்லை.
நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.
உரித்து முடித்தேன்.

"மேலே துர்பேக்குப் போவோம்" என்றாள் ரெஃபியா.
பச்சைத் துணி போர்த்திய அடக்கத்தலம்.
கம்பி அழியெங்கும் முடிச்சுகள்:
பிள்ளை வேண்டியவளின் நூல்,
படைக்குப் போனவனின் சட்டைக் கிழிசல்.
"அலுவலகத்தில் பெரியவரைப் பார்க்க
நேரே நுழைந்துவிடுகிறோமா?
வாசலில் ஒருத்தரைப் பிடிக்கிறோம்தானே, முனெவெரா?"
அவள் மகனுக்குப் பத்தொன்பது. முதல் மாதச் சம்பளம்கூட வாங்கவில்லை.

இமாம் ஸுஹ்தியா
ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை.
குளிரில் காதுமடல் சிவக்க,
எங்களுக்குத் தேநீர் சுமந்தபடியே சொன்னார்:
அல்லாஹ்வின் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள்.
நீங்கள் செய்த நல்லதொன்றை முன்வைத்துக் கேளுங்கள்.
உயிரோடிருக்கும் நல்லவரிடம்
எனக்காக துஆச் செய்யுங்கள் எனலாம்.
ஆனால் மண்ணுக்கடியில் இருப்பவரிடம்...

அங்கே நின்றுவிட்டார்.
தட்டில் தேநீர் தளும்பியது.
பாவம், சொல்லத் தொடங்கியதை
எங்கே இறக்கிவைப்பதென்று தெரியவில்லை அவருக்கு.
ரெஃபியா தன் தலைத்துணியின் ஓரத்தைப் பல்லால் கிழித்துக்கொண்டு
மலையேறினாள்.
அவளைத் தடுக்க அவருக்கு வாய் வரவில்லை.
எனக்கும்தான்.

குகைக்குள் அடைபட்ட மூவரின் கதை
இங்கே எல்லோருக்கும் தெரியும்.
ஆளுக்கொரு நற்செயலைச் சொல்லச் சொல்ல
வாயிலை அடைத்த பாறை கொஞ்சம் கொஞ்சமாய் விலகியதாம்.
நானும் தேடினேன்.
கடைக் கணக்கில் ஒரு குடும்பத்தின் கடனை
என் கூலியில் தீர்த்தேன்.
அன்றிரவே ஹம்தியாவிடம் சொல்லிப் புகழ் வாங்கிவிட்டேன்.
அது செலவான காசு.
மூன்று மாதம் மாமியாருக்குப் பணிவிடை செய்தேன்.
அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்,
தெரு பார்க்கட்டுமென்று.

பிறகு ஸெய்னா.
என்னைப் பற்றி ஊரெல்லாம் பேசியவள்.
செத்த அன்று குளிப்பாட்ட ஆளில்லை.
போனேன்.
தண்ணீரைச் சூடாக்கினேன், கைமுட்டியில் ஊற்றிப் பார்த்து,
கைக்குழந்தைக்குப் பார்ப்பதுபோல.
அவளுக்கு ஏது சூடும் குளிரும்?
ஏன் செய்தேனென்று இன்றுவரை தெரியாது.
யாரிடமும் சொன்னதில்லை.
ரப்பே, என்னிடம் இருப்பது இதுதான்.
ஒரு குடம் வெந்நீர்.

இரவு இரண்டு மணிக்குப் பனி கொட்டியது.
என்னையறியாமல் தரையைப் பார்த்து
பேசிக்கொண்டிருந்தேன்:
ஹம்தியா, அங்கிருந்து எங்களுக்காகக் கேளேன்,
என்னைவிட நீ சுத்தமானவன்...
நாக்கு மடங்கியது.

அவன் உயிரோடிருந்தால்
இது ஆகுமான பேச்சு,
என் குரல் அவனுக்கு எட்டுமென்றால்.
இல்லையென்றால்
ரெஃபியாவின் துணிமுடிச்சுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
ஹலாலுக்கும் ஹராமுக்கும் நடுவே
நானூறு மீட்டர் பாறை.
அந்தப் பக்கம் மூச்சு இருக்கிறதா
என்பதைப் பொறுத்திருக்கிறது என் வாக்கியம்.

அதனால் திருப்பிப் போட்டேன்.
அவனிடம் அல்ல, அவனுக்காக.
இறைவா, இருந்தால் அவனுக்குக் காற்றைக் கொடு.
இல்லையென்றால் அவன் இடத்தை விசாலமாக்கு.
இரண்டும் அவனுக்கு இப்போதே தேவை.
எது முதலில் என்று நீ பார்த்துக்கொள்.

விடியும் முன் ரெஃபியா இறங்கி வந்தாள்,
முழங்கால்வரை பனி.
துணித்துண்டு இன்னும் கையில் இருந்தது.
"அழியில் இடமே இல்லை, முனெவெரா" என்றாள்.
பிறகு, என் முகத்தைப் பார்க்காமல்,
"நீ உயிரோடுதானே இருக்கிறாய்,
என் பையனுக்காகக் கேள்."

கேட்டேன். அவன் பெயரை முழுசாகச் சொல்லி,
தாய் பெயரும் சேர்த்து.

மேலே கோபுரத்தில் சக்கரம் சுழலத் தொடங்கியது.
பனிமூட்டத்தில்
கயிறு ஏறுகிறதா இறங்குகிறதா
தெரியவில்லை.